தாவும் கடிகாரம்: பெட்டரியா, இன்டர்நெட்டா, புது மெஷினா?

ஈபிஎப் காசு எடுத்து நாலு வருஷமான ஒரு கணக்கப்பிள்ளை ஐயா, போட்டோ கொப்பிக்கு நான் கொடுத்த பில்லைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். "என்னா தம்பி, ஒங்க மெஷினு என்னையத் திரும்ப வேலைக்கு அனுப்புதே!" பில்லில் இருந்த திகதி 2009 ஜனவரி 1.

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலை டவுனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். அன்று காலையிலிருந்தே குரோம் ஒரு பக்கத்தையும் திறக்காமல், உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. 2009இல் நிற்கிற கம்பியூட்டரைப் பொறுத்தவரை அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள், நான் திகதியைக் கையால் மாற்றிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் காலையிலும் அதே கதை.

ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ரிப்பேர் பார்க்கிற தம்பி, "மதர்போர்ட் போச்சு அண்ணே, கொழும்புல செகண்ட் ஹேண்ட் ஒண்ணு பார்ப்போம்" என்றான். மச்சானோ, இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் வசதியைப் போட்டுவிட்டால் ஐந்து சதம் செலவில்லை என்றார். பக்கத்துக் கடைக்காரர், கரண்ட் போனாலும் மெஷினைக் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் பெட்டியை வாங்கச் சொன்னார். பெட்டரியை மாற்று என்று ஒருவரும் முதலில் சொல்லவில்லை. ஏனென்றால் டெஸ்க்டாப் கம்பியூட்டருக்குள் பெட்டரி இருப்பதே பலருக்குத் தெரியாது.

இந்த நாலு வழியில் எது நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. கடிகாரம் எவ்வளவு தூரம் தாவியது, எப்போது தாவியது என்று பார்த்தபிறகுதான் ஒப்பிட முடியும். பாராமல் காசைச் செலவழித்தவர்களில் நானும் ஒருவன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கம்பியூட்டருக்குள் இருப்பது ஒரு கடிகாரம் இல்லை, இரண்டு. ஒன்று மதர்போர்ட் என்ற பெரிய சுற்றுப்பலகையில் இருப்பது. மெஷின் அணைந்திருக்கும்போதும் அது ஓடும். செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் ஒரு சின்னப் படிகம்தான் அதன் இதயம் (இரண்டைப் பதினைந்து தடவை பெருக்கினால் வரும் எண் அது, அதனால் ஒரு செக்கனை எண்ணுவது சுலபம்). சுவரில் பிளக் செருகியிருக்கும்வரை அதற்கு மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து வரும். பிளக்கைக் கழற்றிவிட்டால், சிஆர்2032 என்ற பெயருள்ள காசு மாதிரியான பெட்டரி அதைத் தாங்கும். மற்றக் கடிகாரம் விண்டோஸுக்குள் இருக்கிறது. கம்பியூட்டர் எழும்பும்போது மதர்போர்டிடம் ஒருமுறை மணி கேட்டுவிட்டு, அப்புறம் தன் கணக்கில் ஓடும். ஆகவே வேலை செய்துகொண்டிருக்கும்போது நேரம் தாவினால் பெட்டரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அணைத்துவைத்து மறுபடி போடும்போது தாவினால்தான் பெட்டரி மேல் சந்தேகம் வரவேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும். சாயந்திரம் கடை மூடும்போது நேரத்தைச் சரியாக வைத்துவிட்டு, பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள். காலையில் போட்டவுடன் விண்டோஸுக்குப் போகவிடாமல், டிலீட் அல்லது எப்2 பொத்தானை அழுத்தி, மதர்போர்டின் சொந்த அமைப்புகள் இருக்கும் பயாஸ் பக்கத்துக்குப் போங்கள் (பொத்தான் மெஷினுக்கு மெஷின் மாறும்). அங்கே பழைய வருஷம் நின்றால் பெட்டரி செத்துவிட்டது. சில நிமிஷம், சில மணித்தியாலம் பிந்தியிருந்தால் சாகக் கிடக்கிறது. அங்கே சரியாக இருந்து, விண்டோஸுக்குள் போனபிறகு பிழையானால் பெட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மல்டிமீட்டர் இருக்கிறவர்கள் அளந்தும் பார்க்கலாம். புதுசு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். ஆனால் இந்த லித்தியம் பெட்டரிகள் கடைசிவரை நல்ல பிள்ளை மாதிரி வோல்ட் காட்டிவிட்டு, முடியும் நேரத்தில்தான் சட்டென்று இறங்கும். அதனால் எனக்கு மீட்டரைவிட அந்த ஒரு ராத்திரிச் சோதனையில்தான் நம்பிக்கை.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெட்டரி மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோக ஒரு காரணம் இருக்கிறது. சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரமானால் இடி. இடி மின்னல் பயத்தில் கடை மூடும்போது எல்லோரும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். கழற்றாதவனைப் பைத்தியக்காரன் என்று சொல்வார்கள், சரிதான். ஆனால் பிளக் கழற்றியிருக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் அந்தக் குட்டிப் பெட்டரிதான் வேலை பார்க்கிறது. அதில் இருப்பது சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரச் சுற்று 5 மைக்ரோ ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இடைவிடாமல் ஓடி ஐந்து வருஷத்தில் காலியாகும். பிளக்கைக் கழற்றவே கழற்றாத அலுவலகத்தில் அதே பெட்டரி அதைவிட எவ்வளவோ காலம் கிடக்கும். கரண்ட் கட்டும் அதே கணக்கில்தான் சேரும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிறுத்திய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். இதற்காக பிளக்கைக் கழற்றாமல் விடச் சொல்லவில்லை. இடி விழுந்து போர்ட் கருகுவதைவிட சில வருஷத்துக்கு ஒருமுறை பெட்டரி மாற்றுவது எவ்வளவோ மேல்.

ரிப்பேர் தம்பி இன்னொரு காரணமும் சொன்னான். நுவரெலியாப் பக்கம் குளிருக்குக் கடிகாரம் மெதுவாகிவிடுமாம். பாதி உண்மை. அந்தப் படிகம் 25 பாகை வெப்பத்தில் நேராக ஓடும்படி செய்யப்பட்டது, அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் மெதுவாகும். ஆனால் எவ்வளவு? 10 பாகைக் குளிரில் ராப்பகலாகக் கிடந்தாலும் ஒரு நாளைக்கு முக்கால் செக்கன்கூடப் பிந்தாது, மாசத்துக்கு ஏறக்குறைய 20 செக்கன். ஜனவரியில் புல்லில் உறைபனி விழுகிற ஊரிலும் குளிரால் மட்டும் கடிகாரம் 2009க்குப் போகாது.

சரி, பெட்டரிதான் என்று தெரிந்தால் அதை மாற்றுவதைவிட மலிவான வழி கிடையாது. விலை ஒரு சோற்றுப் பார்சலைத் தாண்டாது. உறையோடு இருப்பதை வாங்குங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய்ச் சில் மாதிரிக் குவித்துவைத்திருப்பதை வேண்டாம். அவை ஒன்றோடொன்று உரசிப் பாதி தீர்ந்திருக்கும். மாற்றுவதற்கு ஐந்து நிமிஷம் போதும்: பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில செக்கன் அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கி, கிளிப்பைத் தள்ளினால் பழையது எகிறி வரும். கூட்டல் அடையாளம் மேலே தெரிய புதியதை வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. பயாஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய போர்டுகளில் பெட்டரியை எடுத்ததும் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். அதில் ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா என்ற இடம் ஏஎச்சிஐ என்பதிலிருந்து ஐடிஈக்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். அப்போதுதான் "பெட்டரி மாத்தப் போயி மெஷினே போச்சு" என்று சொல்வார்கள். மெஷின் போகவில்லை, அந்த ஓர் இடத்தை முன்பு இருந்தபடி மாற்றினால் எழும்பிவிடும்.

கழற்றிய பெட்டரியை மேசையில் போட்டுவைக்காதீர்கள். சின்னப் பிள்ளை விழுங்கினால் தொண்டைக் குழாயில் சிக்கி, இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். தீர்ந்த பெட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி மிச்சமிருக்கும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

இனி மச்சானின் வழி. இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுப்பது பெட்டரிக்குப் பதிலாகுமா? என் அனுபவத்தில் துணையாக நிற்கும், பதிலாக நிற்காது. தனி மெஷினில் விண்டோஸ் வழக்கமாக 15 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பிழையைத் தானாகத் திருத்தாது. அவ்வளவு பெரிய மாற்றத்தை அது நம்புவதில்லை. பெட்டரி செத்த மெஷின் பிந்தியிருப்பது பதினைந்து வருஷத்துக்கு மேல். மச்சான் சொன்னபடி போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன், 2009 அப்படியே நின்றது. கையால் திகதியைச் சரிசெய்தபிறகுதான் மிச்சச் செக்கன்களை அது பிடித்துக்கொண்டது.

ஆனால் பெட்டரி நன்றாக இருக்கிற மெஷினுக்கு இதுதான் நல்ல காவல். டேட்டா தின்றுவிடும் என்று டொங்கிள் வைத்திருப்பவர்கள் பயப்படுகிறார்கள், அது வீண் பயம். நேரம் கேட்கிற செய்தியின் உள்ளடக்கம் 48 பைட்டு. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தின் டேட்டாவில் நூற்றுக்கணக்கான தடவை மணி கேட்கலாம். பள்ளத்தாக்கில் சிக்னல் இழுபறியாக இருந்தாலும் பரவாயில்லை. செய்தி போய்வர எடுத்த நேரத்தில் பாதிக்கு மேல் பிழை வராதபடிதான் அந்த முறையே அமைந்திருக்கிறது. போய்வர அரைச் செக்கன் ஆனாலும் கால் செக்கனுக்குள் சரியாகிவிடும், பில் அடிக்க இது தாராளம். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் மில்ஸ் 1980களில் இதை உருவாக்கியதே அன்றைய இழுபறி இணைப்புகளை நம்பித்தான். ஒரே ஒரு குறை: விண்டோஸில் இந்தச் சேவை எப்போதும் விழித்திருப்பதில்லை. சேர்விசஸ் பட்டியலில் 'விண்டோஸ் டைம்' என்பதைத் தேடி 'ஆட்டோமேட்டிக்' ஆக்கிவிட்டால் ஒழுங்காக நடக்கும்.

இப்போது நான் காசைத் தொலைத்த கதை. கடையில் இன்னொரு பழைய மெஷின் இருக்கிறது, எக்ஸ்பி என்ற பழைய விண்டோஸ் ஓடுகிறது. பழைய பிரின்டர் ஒன்றுக்காக அதை வைத்திருக்கிறேன். அதில் நேரம் அடிக்கடி அரை மணித்தியாலம் முன்னால் தாவும். நான் பின்னால் இழுப்பேன், ஒரு கிழமை சும்மா இருக்கும், மறுபடி தாவும். பெட்டரி மாற்றினேன். பிறகு வேறு கடையில் இன்னொரு பெட்டரி வாங்கி மாற்றினேன். அப்புறம் பெட்டரி தொடும் இடம் சரியில்லை என்று சொல்லி ஒருவர் நூறு ரூபாய்க்குச் சுரண்டிக் கொடுத்தார். தாவல் நிற்கவில்லை.

காரணம் நாட்டின் வரலாற்றில் இருந்தது. 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கையின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். அந்த வருஷம் ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கிரீன்விச்சைவிட 6 மணித்தியாலம் முன்னால் என்ற கணக்கு பத்து வருஷம்போல ஓடியது. புதிய நேரம், பழைய நேரம் என்று கல்யாணப் பத்திரிகையிலெல்லாம் போட்ட காலம். 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினோம். எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். அதன் நேர வலயப் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்பதற்கு நேரே 6 மணித்தியாலம் என்று இருக்கிறது. பிறகு வந்த திருத்தத்தைப் போடாத மெஷினில் அது அப்படியே கிடக்கும். நான் நல்ல பிள்ளையாக நம் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இன்டர்நெட் நேரம் கிழமைக்கு ஒருமுறை வந்து அந்த 6ஐக் கூட்டி அரை மணித்தியாலம் தள்ளும், நான் கையால் இழுப்பேன். இரண்டு பேரும் மாறி மாறிக் கயிறு இழுத்தோம். பட்டியலில் சென்னை, கொல்கத்தா இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தேன், அன்றோடு நின்றது. இரண்டு பெட்டரியும் ஒரு சுரண்டலும் தண்டம்.

அதனால் தாவலின் அளவு வட்டமான கணக்காக இருந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள். சரியாக அரை மணித்தியாலம் என்றால் வலயப் பட்டியல். சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்றால், பெரும்பாலும் ஒரே மெஷினில் விண்டோஸும், அதைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸும் இருக்கும். லினக்ஸ் மதர்போர்ட் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். டியூஷன் வகுப்பு நடத்தும் ஒரு சேருடைய மெஷினில் இதுதான் நடந்தது. லினக்ஸைப் பார்த்து உள்ளூர் நேரமே எழுது என்று ஒரு கட்டளை கொடுத்ததும் சண்டை தீர்ந்தது.

இவை ஒன்றிலும் சேராத தாவல் ஒன்று இருக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே, இன்டர்நெட் இணைப்பில் இருக்கும்போதே, மாசக்கணக்கில் முன்னாலோ பின்னாலோ பாய்ந்துவிடும். வைரஸ் என்று பயந்து எல்லாவற்றையும் அழித்து புது விண்டோஸ் போட்டவர்கள் உண்டு. அதற்கு முன்னால் வேறொன்றைப் பாருங்கள். பெட்டரி செத்த மெஷின்களுக்கு உதவத்தான் விண்டோஸ் 10இல், பாதுகாப்பான இணையத் தொடர்பு தொடங்கும்போது மறுபக்கத்து சர்வர் சொல்லும் நேரத்திலிருந்து ஊகிக்கும் ஏற்பாடு ஒன்றைச் சேர்த்தார்கள். சில சர்வர்கள் அந்த இடத்தில் உண்மை நேரத்தை வைக்காமல் எழுந்தமானமான எண்ணை வைக்கின்றன. ஊகம் பிசகினால் கடிகாரம் பாயும். 2023இல் இது செய்தியாகவே வந்தது. விண்டோஸின் உள் அமைப்புகள் எழுதியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் டைம் பகுதிக்குள் 'யுடிலைஸ் எஸ்எஸ்எல் டைம் டேட்டா' என்ற பெயருக்கு நேரே பூச்சியம் போட்டு மெஷினை மறுபடி எழுப்பினால் அது அணையும். ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

யூபிஎஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் போனதும் எழுதிய கடிதம் அழியாமல் காக்கும், அதற்கு வாங்கலாம். ராத்திரி அதன் பிளக்கையும் கழற்றத்தானே போகிறோம், கடிகாரத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

புது மெஷின், அல்லது கொழும்பிலிருந்து வரும் பழைய மெஷின்? ஒரே ஒரு நிலைமையில்தான் யோசிப்பேன்: உறை பிரித்த புதுப் பெட்டரி இரண்டு மூன்று மாசத்தில் தீர்ந்துபோனால். அப்படியானால் போர்டில் எங்கேயோ மின்சாரம் கசிகிறது. எங்கள் மூடுபனி ஈரமும் தூசும் சேர்ந்து பெட்டரிக் கூட்டைச் சுற்றிப் படை கட்டினாலும் அப்படி நடக்கும். ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்துக் காயவிட்டுப் பார்க்கலாம், பச்சை பிடித்த கம்பியைச் சுத்தம் செய்யலாம். அதற்கும் அடங்காவிட்டால்தான் போர்ட். அப்போதும் நான் போர்ட் தேடாமல் பழைய லேப்டாப் ஒன்றைப் பார்ப்பேன். கரண்ட் கட்டும் இடியும் உள்ள ஊரில், பெரிய பெட்டரி கூடவே இருக்கிற மெஷினில் கடிகாரமும் பிழைத்துக்கொள்ளும். சில லேப்டாப்களில் கடிகாரத்துக்கென்று உறை போட்ட, வயர் வைத்த குட்டிப் பெட்டரி இருக்கும், சிலவற்றில் பெரிய பெட்டரியே அதையும் பார்த்துக்கொள்ளும். வாங்கும்போது பெரிய பெட்டரி செத்த லேப்டாப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

என் கடையில் கடைசியாகச் செய்தது இவ்வளவு: பெரிய மெஷினுக்குப் புதுப் பெட்டரி, விண்டோஸ் டைம் சேவையை ஆட்டோமேட்டிக், எக்ஸ்பிக்குச் சென்னை வரி. மாற்றிய மாசத்தையும் வருஷத்தையும் பெட்டியின் உள்மூடியில் மார்க்கரால் எழுதியிருக்கிறேன். ரிப்பேர் தம்பி வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்ப போர்ட் வேணாமா அண்ணே?" என்று கேட்டான். கவுண்டரில் மிச்சம் இருந்த ஒரு பெட்டரியை அவனிடம் கொடுத்து, அவன் கடையில் வாசலுக்கு நேரே இருக்கிற மெஷினில் போடச் சொன்னேன். அதுவும் ஒரு மாசமாக 2012 காட்டிக்கொண்டிருக்கிறது.